முட்டு, பீனிசம் உள்ளவர்களுக்கான இரவுக் குளிசை: பாதுகாப்பாக எடுப்பது எப்படி?

ஊர் திரும்பிய முதல் சில மாதங்களில், அடங்கியிருந்த முட்டு வருத்தம் மீண்டும் தலைதூக்கலாம். முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்தபோது நன்றாக இருந்த பிள்ளை, சொந்த வீட்டுக்கு வந்ததும் இரவில் இருமத் தொடங்கும். "காணி நமக்கு ஒத்துவரவில்லையோ" என்று சிலர் கவலைப்படுகிறார்கள். காரணம் காணியல்ல. பல வருடங்கள் பூட்டிக் கிடந்த வீட்டின் தூசி, சுவரில் படர்ந்த பூஞ்சணம், கூரையில் தங்கிய வௌவாலின் எச்சம், பற்றை வெட்டும்போது கிளம்பும் தூள், புதுச் சீமெந்து, விறகடுப்புப் புகை ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் மூச்சுக்குள் போகின்றன. அதே நேரத்தில், முன்பு மருந்து எடுத்த கிளினிக்கும் தூரமாகிவிடுகிறது. மருந்து தேவைப்படும் நேரத்திலேயே மருந்து அறுந்துவிடுகிறது.

முட்டு, தொய்வு, இழுப்பு என்று நாம் சொல்வது ஆஸ்துமா. காலையில் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கால் நீர் ஓடுதல், மூக்கடைப்பு, கண் அரிப்பு என்று வருவதைப் பீனிசம் என்கிறோம். ஒவ்வாமையால் வரும் பீனிசமும் ஆஸ்துமாவும் பலரிடம் சேர்ந்தே காணப்படும். மார்கழி, தைப் பனியிலும், மாரி மழை ஈரத்திலும், சோளகக் காற்று புழுதியை அள்ளி வரும் மாதங்களிலும், சூடடிக்கும் காலத்து நெல் தூசியிலும் இவை கூடும்.

இவற்றைக் கட்டுப்படுத்த வைத்தியர் எழுதித் தரும் மருந்துகளில் ஒன்று மொன்டெலூகாஸ்ட் என்னும் குளிசை. பெரும்பாலும் இரவில் எடுப்பதால் பலர் இதை "இரவுக் குளிசை" என்றே சொல்வார்கள். உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்தால் இந்தப் பாடத்தைக் குடும்பமாக இருந்து வாசியுங்கள். வாசிக்க முடியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

குளிசை வேலியைப் போன்றது

ஒவ்வாத தூசி உள்ளே போனதும் நம் உடல் லூக்கோட்ரைன் என்னும் பொருளை வெளிவிடுகிறது. அது மூச்சுக் குழாயின் உட்சுவரை வீங்கச் செய்கிறது, சளியைக் கூட்டுகிறது, குழாயை இறுக்குகிறது. மூக்கையும் அடைக்கிறது. மொன்டெலூகாஸ்ட் இந்தப் பொருளின் வேலையைத் தடுக்கிறது. அதனால் முட்டு வராமல் இருக்க உதவுகிறது.

இதை ஒரு வேலியாக நினைத்துக்கொள்ளுங்கள். வேலி மாடு உள்ளே வராமல் தடுக்கும். உள்ளே வந்துவிட்ட மாட்டை வேலி துரத்தாது. அதுபோல, முட்டு எழும்பி மூச்செடுக்கக் கஷ்டப்படும் நேரத்தில் இந்தக் குளிசையை விழுங்கினால் பயன் கிடைக்காது. அந்த நேரத்துக்கு உரியது உடனடி நிவாரணம் தரும் பம்ப். அது பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும், சல்பியூட்டமோல் என்று எழுதப்பட்டிருக்கும்.

வேலியை ஒரு நாள் அடைத்து மறுநாள் பிரித்துவிட்டால் பயிர் மிஞ்சாது. குளிசையும் அப்படித்தான். முட்டு இல்லாத நாளிலும், வைத்தியர் சொன்ன காலம் முழுவதும் எடுக்க வேண்டும். "இப்போது சுகம்தானே" என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். சுகமாக இருப்பது குளிசை வேலை செய்வதாலும் இருக்கலாம்.

இன்னொன்றும் முக்கியம். வைத்தியர் தினமும் இழுக்கும்படி தந்த மற்றப் பம்ப், அதாவது வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீரொயிட் பம்ப், உங்களிடம் இருந்தால் குளிசை தொடங்கியதற்காக அதை விட்டுவிடாதீர்கள். பம்பைவிடக் குளிசை லேசு என்று எண்ணிப் பம்பை நிறுத்துவது ஆபத்தானது. ஆஸ்துமாவுக்கு முதன்மையான மருந்து பம்ப்தான். குளிசை அதற்குத் துணை.

எடுக்கும் முறை

1. ஒரு நாளைக்கு ஒரு குளிசை மட்டும். ஆஸ்துமாவுக்கு மாலையில் அல்லது இரவில் எடுக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எடுத்தால் மறதி குறையும்.

2. அளவு வயதைப் பொறுத்தது. வழக்கமாக 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 10 மில்லிகிராம், 6 முதல் 14 வயது வரை 5 மில்லிகிராம், 2 முதல் 5 வயது வரை 4 மில்லிகிராம். உங்கள் பிள்ளைக்கு எது என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். தாயின் 10 மில்லிகிராம் குளிசையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது.

3. பெரியவர்களின் குளிசையைத் தண்ணீருடன் விழுங்கலாம். சாப்பாட்டுக்கு முன்னும் எடுக்கலாம், பின்னும் எடுக்கலாம். பிள்ளைகளின் குளிசை சப்பிச் சாப்பிடுவது. அதைச் சாப்பாட்டுக்கு 1 மணித்தியாலம் முன்பு அல்லது 2 மணித்தியாலம் பின்பு கொடுங்கள்.

4. பிள்ளைகளின் குளிசை இனிப்பாக இருக்கும். டொபி என்று நினைத்து எடுத்துத் தின்னக்கூடும். பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் பெரியவர் ஒருவரே எடுத்துக் கொடுங்கள்.

5. ஒரு நாள் மறந்துவிட்டால் அந்த நாளை விட்டுவிடுங்கள். மறுநாள் வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும் எடுங்கள். இரண்டாகச் சேர்த்து எடுக்க வேண்டாம்.

6. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே இழுப்புத்தான் என்று உங்கள் குளிசையைக் கொடுக்க வேண்டாம். மற்றவர் தருவதை வாங்கவும் வேண்டாம். வயது, வேறு நோய், வேறு மருந்து எல்லாவற்றையும் பார்த்தே வைத்தியர் எழுதுகிறார்.

7. குளிசையை அதன் தாளிலிருந்து முன்கூட்டியே பிரித்துப் போத்தலில் போட்டு வைக்க வேண்டாம். வெளிச்சமும் ஈரமும் அதைப் பழுதாக்கும். தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்கள் தகரக் கூரையை ஒட்டியோ அடுப்புக்குப் பக்கத்திலோ வைக்காமல், நிழலான மூலையில் மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். காலாவதித் திகதியைப் பாருங்கள்.

8. ஒவ்வொரு முறையும் ஒரே கம்பனியின் மருந்து கிடைக்காது. நிறமும் உருவமும் மாறலாம். நிறத்தைப் பார்த்து எடுக்காமல், பொதியில் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பார்த்து எடுங்கள். சந்தேகம் இருந்தால் மருந்து கொடுக்கும் இடத்திலேயே கேளுங்கள்.

வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

புதிய இடத்தில் புதிய வைத்தியர் உங்களைப் பார்ப்பார். உங்கள் பழைய கதை அவருக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

- கர்ப்பமாக இருக்கிறீர்களா, பால் கொடுக்கிறீர்களா என்பதைச் சொல்லுங்கள்.
- சயரோகத்துக்கு ரிபாம்பிசின் எடுக்கிறவர்கள், வலிப்புக்கு பீனோபாபிடோன் அல்லது பீனிட்டோயின் எடுக்கிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த மருந்துகள் இரவுக் குளிசையின் பலனைக் குறைக்கலாம்.
- அஸ்பிரின், டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற நோக் குளிசைகளால் முன்பு முட்டு வந்திருந்தால், இரவுக் குளிசை எடுத்தாலும் அவற்றைத் தொடர்ந்து தவிர்க்க வேண்டும். கடையில் உடம்பு நோவுக்குக் குளிசை கேட்கும்போது "எனக்கு ஆஸ்துமா" என்று முதலில் சொல்லுங்கள்.
- பீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறைபாடு பிள்ளைக்கு இருப்பதாக முன்பு சொல்லப்பட்டிருந்தால், சப்பும் குளிசை பற்றிக் கேளுங்கள். அதில் அஸ்பார்டேம் என்னும் இனிப்புச் சேர்க்கப்பட்டிருக்கலாம்.
- முன்பு மனச்சோர்வு, கடுமையான பயம், நித்திரையின்மை, தன்னை மாய்க்கும் எண்ணம் இருந்திருந்தால், இந்தக் குளிசை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். இதைச் சொல்வதில் வெட்கம் எதுவுமில்லை. ஏன் சொல்ல வேண்டும் என்பதை அடுத்த பகுதியில் பாருங்கள்.

மனதில் வரும் மாற்றத்தைக் கவனியுங்கள்

இந்தப் பாடத்தில் எல்லாவற்றையும் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

மொன்டெலூகாஸ்ட் எடுப்பவர்களில் பெரும்பாலானோருக்குப் பெரிய தொல்லை வருவதில்லை. சிலருக்குத் தலையிடி, வயிற்றுநோ, வயிற்றோட்டம் வரலாம். ஆனால் ஒரு சிறு பகுதியினருக்கு இது நித்திரையையும் மனதையும் பாதிக்கிறது. பயங்கரக் கனவு, நித்திரையில் கத்துதல் அல்லது எழுந்து நடத்தல், காரணமில்லாத கோபம், அடிக்கப் போதல், பதற்றம், சோர்ந்து ஒதுங்கியிருத்தல், இல்லாததைக் காண்பது அல்லது கேட்பது, சாக வேண்டும் என்ற பேச்சு ஆகியவை வரலாம். முன்பு மனநோய் எதுவும் இல்லாதவருக்கும் வரலாம். இதனால் 2020 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்த மருந்துக்கு மிகக் கடுமையான வகை எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது. பீனிசம் மட்டும் உள்ளவர்களுக்கு வேறு மருந்துகள் உதவாதபோதுதான் இதைக் கொடுக்க வேண்டும் என்றும் அது அறிவுறுத்தியது.

இப்போது ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு குடும்பம் ஊர் திரும்புகிறது. எட்டு வயது மகனுக்கு முட்டு கூடுகிறது. வைத்தியர் இரவுக் குளிசை கொடுக்கிறார். இருமல் குறைகிறது. இரண்டு வாரத்துக்குள் பிள்ளை நடுச்சாமத்தில் அலறி எழும்புகிறான். பகலில் தங்கைக்கு அடிக்கிறான். தாய் என்ன நினைப்பார்? "இந்த வீட்டில் நடந்ததெல்லாம் பிள்ளையின் மனதில் இருக்கிறது. அதுதான் கனவில் வருகிறது" என்று நினைப்பார். பேத்தியார் நூல் கட்டச் சொல்லுவார். ஆசிரியர் குழப்படி என்று தண்டிப்பார். குளிசையை ஒருவரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

இழப்புகளைச் சந்தித்த குடும்பங்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம். நமக்குக் கெட்ட கனவு வர வேறு காரணங்களும் உண்டு. அதனால் மருந்தால் வரும் கனவு அவற்றுக்குள் மறைந்துபோகிறது. இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு: திகதி எழுதுவது.

குளிசை தொடங்கிய நாளைக் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். அதற்கு முன்பே நித்திரைக் குழப்பம், கோபம், அழுகை இருந்ததா என்பதையும் எழுதுங்கள். பிறகு ஏதாவது மாற்றம் தெரிந்தால் அந்த நாளையும் எழுதுங்கள். குளிசைக்குப் பிறகு புதிதாகத் தொடங்கியதா, முன்பு இருந்தது கூடியதா என்பதை வைத்தியர் அந்தத் திகதிகளிலிருந்து விளங்கிக்கொள்வார். பள்ளிக்கூட ஆசிரியருக்கும், பிள்ளையுடன் படுக்கும் பேத்தியாருக்கும் அக்காவுக்கும் விடயத்தைச் சொல்லி வையுங்கள். இரவில் நடப்பதை முதலில் அறிபவர்கள் அவர்களே.

இப்படியான மாற்றம் தெரிந்தால்:

- குளிசையை நிறுத்திவிட்டுத் தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.
- பம்பை நிறுத்த வேண்டாம். ஆஸ்துமாவுக்கு வேறு மருந்து தரும்படி கேளுங்கள். வேறு வழிகள் உண்டு.
- சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் உதவி கேட்கலாம்.
- குளிசை நிறுத்திய பின்பும் சிலருக்கு இந்த மாற்றம் கொஞ்சக் காலம் நீடிக்கலாம். தொடர்ந்து அவதானியுங்கள்.

குளிசைதான் காரணம் என்று தெரியவந்தால், பிள்ளையைக் கண்டித்ததை நினைத்து வருந்திக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளையிடம் "இது உன் பிழை இல்லை, மருந்தால் வந்தது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். குளிசை காரணமில்லை, பழைய வேதனைதான் என்று தெரிந்தாலும் நல்லதே. அதற்கும் மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவில் உதவி உண்டு.

இவை தவிர, உடல் முழுதும் தடிப்பு, முகம் அல்லது நாக்கு வீங்குதல், கை கால் விறைப்பு, முட்டு திடீரென மோசமாதல் ஆகியவற்றுக்கும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

முட்டு எழும்பினால் என்ன செய்வது?

நோயாளியை நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுக்க வைக்க வேண்டாம். சுற்றி நிற்பவர்களை விலக்கிக் காற்று வர விடுங்கள். நீலப் பம்பை ஒவ்வொரு தடவையாக 4 தடவை இழுக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே சில மூச்சு விட வேண்டும். பிள்ளைகளுக்கு ஸ்பேசர் வைத்தே கொடுங்கள். 4 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். குறையாவிட்டால் மீண்டும் 4 தடவை. அப்போதும் குறையாவிட்டால் வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். வழியிலும் பம்பைத் தொடருங்கள். உங்கள் வைத்தியர் வேறு அளவு எழுதித் தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் போவது, உதடும் நகமும் நீலமாவது, மூச்செடுக்கும்போது விலா எலும்பின் இடைவெளி உள்ளே இழுபடுவது, சோர்ந்து மயங்குவது ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். இழுப்புச் சத்தம் நின்றும் மூச்சு சிரமமாக இருந்தால் அது சுகமல்ல, அதிக ஆபத்து. அப்போது காத்திருக்காமல் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள். உங்கள் வீட்டுக்கு வரும் வழியைச் சொல்ல, அருகிலுள்ள பள்ளிக்கூடம், கோயில், சந்தி ஆகியவற்றின் பெயரை முன்பே எழுதி வைத்திருங்கள். புதிதாகத் திறந்த பாதைகளில் இது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மருந்து அறுந்துபோகாமல் இருக்க

ஊர் திரும்புவதற்கு முன், இப்போது மருந்து எடுக்கும் கிளினிக்கில் இடம் மாறுவதைச் சொல்லி, புதிய வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் கேளுங்கள். அடுத்த கிளினிக் நாள்வரை போதுமான மருந்தும் கேளுங்கள். கிளினிக் கொப்பி, பழைய மருந்துத் துண்டுகள், வெறும் மருந்துப் பொதி எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, அடையாள அட்டையுடன் கையில் கொண்டு வாருங்கள். லொறியில் ஏற்றும் சாமானுடன் கட்ட வேண்டாம்.

கொப்பி தொலைந்திருந்தாலும் தயங்க வேண்டாம். அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் உங்களைப் புதிதாகப் பதிந்துகொள்வார்கள். அங்கு மருந்து இலவசம். கையிருப்பில் இல்லாவிட்டால் வெளியே வாங்கத் துண்டு எழுதித் தருவார்கள். பணம் இல்லாவிட்டால் அதைச் சொல்லுங்கள். வைத்தியர் வேறு மருந்து பார்க்கலாம். எங்கு எந்த நாளில் கிளினிக் நடக்கிறது என்பதை உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம்.

தூசியையும் புகையையும் குறைப்போம்

தூசியைக் குறைக்காமல் குளிசையை மட்டும் நம்புவது போதாது.

- வீட்டைத் துப்புரவாக்கும் நாளில் முட்டு உள்ளவரை அயல் வீட்டில் இருக்கச் செய்யுங்கள். கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளியுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுங்கள்.
- பாத்தீனியம் செடியை முட்டு, பீனிசம், தோல் அரிப்பு உள்ளவர்கள் பிடுங்க வேண்டாம். மற்றவர்கள் கையுறை, நீளக் கைச் சட்டை அணிந்து, பூப்பதற்கு முன் வேருடன் பிடுங்க வேண்டும்.
- பற்றைக்குத் தீ வைக்க வேண்டாம். புகை முட்டைக் கூட்டும், மண்ணில் வெடிபொருள் கிடந்தால் வெடிக்கவும் கூடும்.
- பாய், தலையணையை வெயிலில் காய வையுங்கள். உறைகளைக் கிழமைக்கு ஒருமுறை சுடுதண்ணீரில் தோயுங்கள்.
- அடுப்பை முட்டு உள்ளவர் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி அமையுங்கள். வீட்டுக்குள் சுருட்டு, பீடி, சிகரெட் வேண்டாம். நுளம்புச் சுருளுக்குப் பதிலாக நுளம்பு வலை பாவியுங்கள்.

குடும்பமாகக் கதைத்துப் பாருங்கள்

1. நம் வீட்டில் இரவுக் குளிசை எடுப்பவர் யார்? எத்தனை மில்லிகிராம்?
2. அவர் குளிசை தொடங்கிய திகதி எழுதப்பட்டிருக்கிறதா?
3. குளிசை தொடங்கிய பின் அவருடைய நித்திரையில், கோபத்தில், பேச்சில் மாற்றம் உண்டா? அவரிடமே மெதுவாகக் கேட்டோமா?
4. நீலப் பம்ப் எங்கே இருக்கிறது? இருட்டில் தேடினாலும் எல்லோருக்கும் கிடைக்குமா?
5. இரவில் முட்டு எழும்பினால் யார் 1990 ஐ அழைப்பது, யார் கூடப் போவது, மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது?

இந்த ஐந்துக்கும் விடை கண்டபின், குளிசையின் பெயர், அளவு, தொடங்கிய திகதி, அடுத்த கிளினிக் நாள் ஆகிய நான்கையும் ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, மருந்துப் பெட்டியின் மூடியில் ஒட்டி வையுங்கள்.